சிவப்பு எரியுது, எதிரே ஒருவருமில்லை

நேற்று இரவு ஒன்பதரை மணிபோல, யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு சந்தியில் சிவப்பு லைற் விழ நின்றேன். நாலு பக்கமும் ஈ காக்கை இல்லை. பின்னால் வந்த ஒரு தம்பி ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு சிவப்பிலேயே போய்விட்டார். பிழை அவரில்தான். ஆனாலும் காலை ஏழேகாலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைந்திருக்கும்போது எரிகிற அதே அளவு நேரம், இரவிலும் ஏன் எரிய வேண்டும்?

நெரிசல் என்றால் எங்கள் ஆட்கள் கேட்பது இரண்டுதான்: வீதியை அகலமாக்கு, இன்னொரு லைற் போடு. இருக்கிற லைற்றுக்கு யார் நேரம் கணக்குப் பார்த்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. 1958இலேயே இங்கிலாந்தில் வெப்ஸ்டர் என்பவர் இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். பச்சை பக்கம் மாறும் ஒவ்வொரு தடவையும் சில செக்கன் வீணாகும். சுற்று, அதாவது ஒரு பச்சையிலிருந்து அதே பக்கத்து அடுத்த பச்சை வரையான நேரம், குறுகினால் அந்த வீண் கூடும். நீண்டால் வெறும் வீதிக்குப் பச்சை எரிந்துகொண்டிருக்கும். இடையில் சரியான அளவு ஒன்று உண்டு, அது வருகிற வாகனத்தைப் பொறுத்து மாறும். என்ன, அந்தக் கணக்குக்கு அலகு கார். இங்கேயோ பச்சை விழ முன்னமே மோட்டார் சைக்கிளெல்லாம் கோட்டைத் தாண்டி முன்னுக்கு வந்து நிற்கும். விழுந்ததும் குபீரென்று போய்விடும். ஆகவே எங்கள் சந்தியில் நின்று எண்ணித்தான் ஆக வேண்டும், வேறு ஊர் அட்டவணை சரிவராது. சைக்கிளை உருட்டிக்கொண்டு கடக்கிற ஐயாமாரையும் சேர்த்துத்தான்.

பிறகு, சந்திகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். இரண்டு லைற்றுக்கு இடையே 600 மீற்றர், வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் போய்ச்சேர ஒரு நிமிடம். இரண்டாவது லைற் ஒரு நிமிடம் பிந்திப் பச்சையானால் காலை ஊன்றாமலே போகலாம். ஆனால் ஒரு திசைக்கு ஒத்துவருவது எதிர்த் திசைக்கு ஒத்துவராமல் போகலாம். அதனால் காலையில் பட்டணத்துக்கு வருகிறவர்களுக்கும், பள்ளிக்கூடம் விடுகிற ஒன்றரைக்கு வெளியே போகிறவர்களுக்கும் வேறு வேறு கணக்கு. சுற்றுவட்ட வீதிகளை மூடும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்கும் தனியாக ஒன்று.

பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, கண்டி வீதி எல்லாம் கடைசியில் ஒரே பட்டணத்துக்குள்தானே வந்து முட்டுகின்றன? சந்திக்குச் சந்தி தனித்தனியாக யோசித்தால், ஒரு இடத்து நெரிசலைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்ததாகவே முடியும்.

எண்ணுவதற்கு ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு கொப்பியும் குடையும் இருந்தால் போதும், காலை ஆறரைக்கே நான் வந்து நிற்கிறேன்.