படகு டேங்க் மூடியில் இருக்கிற அந்தக் காற்றுத் திருகை மூடித் தொலைங்கப்பா!

கார்த்திகை மாதம். புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள், கடலுக்குப் போகக் கூடாது என்று பன்னிரண்டு நாள் ஃபைபர் படகைக் கரையில் ஏற்றிப் போட்டிருந்தோம். வேதாரண்யம் பக்கம் மழையும் விடவில்லை. பதிமூன்றாம் நாள் கடல் தணிந்ததும் விடியலுக்கு முன்னால் இறக்கினோம். புது டேங்கில் போகிறவரை எஞ்சின் தேன் மாதிரி ஓடியது. அது தீர்ந்து பழைய டேங்குக்கு ஓஸை மாற்றிய ஐந்தாவது நிமிடம் இருமியது. இழுத்தேன், பிடித்தது. மறுபடி இருமியது. இழுத்து இழுத்து ஓட்டினேன். கடைசியில் செத்தே போச்சு.

கோடியக்கரைக்கு இந்தப் பக்கம் கடலில் எஞ்சின் நின்றால் என்ன அர்த்தம் என்று கரையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எங்கே இழுக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். எல்லைக் கோடு ஒன்றும் கடல்மேல் சுண்ணாம்பால் போட்டு வைக்கவில்லை. நல்லவேளை, பக்கத்துப் படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். வலையைப் பாதியில் அறுத்துவிட்டுத்தான் வந்தோம்.

வந்ததும் நேரே பங்க்குக்குப் போய்க் கத்தினேன். தண்ணீர் கலந்த பெட்ரோலை விற்கிறீர்களா என்று ஊர் கூடக் கேட்டேன். அந்த மேனேஜர் நிதானமாக நாசிலில் ஒரு சொட்டை ஃபில்டர் பேப்பரில் விட்டுக் காட்டினார். கறையே இல்லாமல் ஆவியாகிப் போனது. ஹைட்ரோமீட்டரைப் போட்டு அடர்த்தியும் பார்த்தார், பதிவேட்டில் இருந்ததோடு ஒத்துப்போனது. நான் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மெக்கானிக் ஒரு காலி குவார்ட்டர் பாட்டிலில் பழைய டேங்கின் அடிப் பெட்ரோலை ஊற்றித் திண்ணையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மேலே ஆயில் கலந்த நீலம், அடியில் இரண்டு விரற்கடை வெறும் தெளிவு, நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. "அடியில இருக்கிறது எத்தனாலும் தண்ணியும்ணே. அதுல ஆயில் ஒட்டாது. எஞ்சின் மொதல்ல அதைத்தான் குடிச்சிருக்கு" என்றார். பிஸ்டனைக் கழற்றிக் காட்டினார். ஆயில் இல்லாமல் உரசி, நகத்தால் தடவினாலே கீறல் தட்டுகிறது.

இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரை விடாமல் உறிஞ்சும். கொஞ்சம் தண்ணீர் வரை தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், வெளியில் ஒன்றுமே தெரியாது. அளவு மீறினதும் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். சரி, தண்ணீர் எப்படி உள்ளே போனது? டேங்க் மூடியில் ஒரு காற்றுத் திருகு இருக்கிறதே, ஓடும்போது திறக்கணும், கரையில் மூடணும், அவ்வளவுதான் வேலை. என் மச்சினன் அதைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போயிருக்கிறான்! பன்னிரண்டு நாள் மழை, டேங்க் பாதி காலி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் கரையில் பெட்ரோலில் கலக்க ஆயில் அளக்கிற லட்சணத்தைப் பாருங்கள். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் பத்து லிட்டருக்கு 200 மில்லி. இங்கே டீ டம்ளர்தான் கணக்கு, அதுவும் அன்றைக்குக் கைக்கு எந்த டம்ளர் அகப்படுகிறதோ அது. படகு எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ3 ஆயில் என்று தனியாக இருக்கிறது. விலை குறைவு என்று பழைய பைக்குக்கு ஊற்றுகிற 2டி ஆயிலை ஊற்றுகிறார்கள். பிளக் கரியாகிவிட்டால் கம்பெனிக்காரனைத் திட்டுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் கலக்கிற பெரியப்பாக்களிடம் பேசவே முடியாது, "கடல் எஞ்சின் எதையும் குடிக்கும்டா" என்பார்கள். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய சாமான் சார் அது!

நானும் யோக்கியன் இல்லை. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிற தண்ணீருக்கு வீட்டில் குடம் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒரு டிரம்மை எஞ்சினுக்கு எப்படிக் கேட்பது? கேட்டேன் ஒரு நாள். கேட்டிருக்கக் கூடாது.

பங்க்காரர்களையும் அப்படியே விட்டுவிட முடியாது. கேனில் பெட்ரோல் கேட்டால் ஏதோ தீ வைக்கப் போகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். படகை பங்க்குக்கு ஓட்டிக்கொண்டா வர முடியும்? அதனால் கிடைக்கிற அன்றைக்கு இரண்டு மூன்று டேங்காக வாங்கி வைக்கிறோம், அது வாரக்கணக்கில் கிடக்கிறது.

பிஸ்டன், ரிங், கார்புரேட்டர் ஜெட், ஓஸ் எல்லாம் சேர்த்து பில் வந்திருக்கிறது. தொகையைச் சொல்ல மாட்டேன், வயிறு எரிகிறது. நேற்று சாயங்காலம் மச்சினன் வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மேல நிக்கிற பெட்ரோலை மட்டும் வடிச்சு பைக்குல ஊத்திக்கவா மச்சான்?" என்கிறான்.