ராணுவத்திலிருந்து நேராக ஆம்புலன்ஸுக்கா?

ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர்கள் வெளியே வந்ததும் ஆம்புலன்ஸில் ஏறிவிடலாம் என்பதுபோல் நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அவ்வளவு சுலபமில்லைங்க. இங்கே மலேசியாவில் அரசாங்க ஆம்புலன்ஸில் வருபவர் பெரும்பாலும் நாம் 'எம்.ஏ.' (மெடிக்கல் அசிஸ்டென்ட்) என்று கூப்பிடும் மருத்துவ உதவி அதிகாரி. மூன்றாண்டு டிப்ளோமா, அதன்பின் 1977ஆம் ஆண்டு மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு. சேவையில் இருக்கும்போதே இதை முடித்தவருக்குக் கவலையில்லை. முதலுதவிப் பயிற்சி மட்டும் பெற்றவர் மறுபடி படித்தாக வேண்டும்.

வேலையும் வேறு மாதிரி. அங்கே நோயாளி பெரும்பாலும் திடகாத்திரமான இளைஞர். இங்கே பினாங்கின் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கும் பாட்டி. லிஃப்ட் ஓடாவிட்டால் படிவழியே இறக்க வேண்டும். "என்ன மருந்து போட்டாங்க?" என்று கேட்டால் மகன் ஒரு பதில், மருமகள் ஒரு பதில்! பதற்றமில்லாமல் விசாரிக்கத் தெரிவதுதான் பாதி சிகிச்சை. தமிழ், மலாய், கொஞ்சம் ஹொக்கியன் சீனமும் பேசும் நம் பினாங்குப் பையன்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்பது என் கணிப்பு (கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு).

வயதையும் கட்டுரை தொடவில்லை. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 21 ஆண்டு சேவை வேண்டும். பதினெட்டில் சேர்ந்தவருக்கு அப்போது நாற்பது நெருங்கிவிடும். பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் இருப்பார்கள். அதனால் விலகும் முன்பே சுங்கை பூலோவிலுள்ள பெர்ஹெபாட்டில் (விலகும் ராணுவ வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் அரசு அமைப்பு) என்ன பயிற்சி உண்டு என்று விசாரியுங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செம்பிறைச் சங்கத்தில் வார இறுதித் தொண்டராகவும் போய்ப் பாருங்கள். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) சான்றிதழையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.