லிங்ஷி காளான் கீமோதெரபிக்கு மாற்று ஆகாது

“சீன மருத்துவத்தின் லிங்ஷி காளான் பொடியைச் சாப்பிட்டால் புற்றுநோய்க்குக் கீமோதெரபியே தேவையில்லை” என்று பரவும் செய்தி தவறானது. அரக்குப் பூசியதுபோல் செம்பழுப்பாய் மின்னும், மரக்கட்டையாய் இறுகிய, கடுங்கசப்பான இக்காளானைச் சீனர்கள் பல நூற்றாண்டுகளாகக் கொதிக்கவைத்துக் கஷாயமாகக் குடித்துவருவது உண்மையே. அந்த மரபு மதிப்புக்குரியது. ஆனால், மொத்தம் 373 பேர் பங்கேற்ற 5 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் அறிக்கை, இதைப் புற்றுநோய்க்கான முதன்மைச் சிகிச்சையாகப் பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என்றே முடிவுசெய்தது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது ஓரளவு பலன் தென்பட்டாலும், அந்த ஆய்வுகளின் தரம் திருப்திகரமாக இல்லை. வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்கு இது ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடும் என்பதால், ஏற்கெனவே இதைச் சாப்பிட்டுவருவோர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.