பொக்கை விழுந்த சவரக்கத்தி: தோல்வாரால் தீராது

சேலத்துத் தாத்தாவின் சவரக்கத்தி படத்துக்குக் கீழே, "வாயில் விழுந்த சின்னப் பொக்கை தோல்வாரில் நன்றாகத் தீட்டினாலே மறைந்துவிடும்" என்று ஒரு கருத்தைப் பலர் பகிர்கிறார்கள். வாய் என்றால் கத்தியின் வெட்டும் விளிம்பு, தோல்வார் என்றால் கத்தியைத் தீட்டும் தோல்பட்டை. மன்னிக்கவும், அது சரியில்லை. பொக்கை என்பது இரும்பு உடைந்து போன இடம். தோல்வார் வளைந்த விளிம்பை நிமிர்த்தி மெருகேற்றும், அவ்வளவுதான். பொக்கையின் அடிமட்டம் வரை மொத்த வாயையும் சாணைக்கல்லில் தேய்த்து இறக்கினால்தான் அது போகும்.

நீங்களே பார்க்கலாம். கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, விளக்கை நேர் மேலே வையுங்கள். கூரான பகுதி கண்ணுக்கே தெரியாது, பொக்கை மட்டும் வெள்ளைப் புள்ளியாக மின்னும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் மாட்டும் பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. தோல்வாருக்கு முன்னும் பின்னும் பாருங்கள், புள்ளி அதே இடத்தில் இருக்கும்.

லென்ஸில் ஆழத்தையும் கவனியுங்கள். வாயோரம் பளபளக்கும் சரிவுப் பட்டைக்குள்ளேயே பொக்கை நின்றால், ஆயிரம் எண் (சொரசொரப்பின் அளவு) சாணைக்கல்லில் பொறுமையாகத் தேய்த்து எடுத்துவிடலாம். பொக்கையிலிருந்து கத்தியின் முதுகுப் பக்கமாக மயிரிழை போல விரிசல் ஓடினால் கல்லில் வைக்க வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தாத்தாவின் கத்தி, அவசரப்படாதீர்கள்.