ஐம்பது டாலர் வீட்டுக்காரர்

ராட்ரிகஸைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதைதான். அமெரிக்காவில் யாரும் சீண்டாத பாடகர், அவருக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் சூப்பர் ஸ்டார், கால் நூற்றாண்டு கழித்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள், சுபம். போன வாரம் அவரைப் பற்றிய 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். கூடவே கொஞ்சம் கடுப்பும் வந்தது.

சிக்ஸ்டோ ராட்ரிகஸ் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்காரர். 1942-இல் பிறந்தார். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் ஆறாவது பிள்ளை, அதனால்தான் ஆறைக் குறிக்கும் 'சிக்ஸ்டோ' என்ற பெயர். 1970-இல் 'கோல்ட் ஃபேக்ட்', 1971-இல் 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி' என்று இரண்டு ஆல்பங்கள். ஊர்த் தெருவையும் போதை விற்பவனையும் மேயரையும் ஒரே மூச்சில் பாடியவர். அமெரிக்காவில் இரண்டும் விற்கவில்லை. இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வேலை பறிபோனவன் ஒருவனின் புலம்பலாகத் தொடங்கும். கொஞ்ச நாளில் ரெக்கார்ட் கம்பெனி இவரையே கைகழுவிவிட்டது.

அப்புறம் அவர் பார்த்தது கட்டட இடிப்பு வேலை. இந்த இடம் வந்ததும் எல்லாருக்கும் குரல் 'ஐயோ பாவம்' என்று இறங்கிவிடுகிறது. எனக்கு அங்கேதான் ஒப்பவில்லை. கூட வேலை பார்த்தவர் ஒருவர் படத்தில் சொல்கிறார்: மனுஷன் டக்சீடோ கோட்டில் வேலைக்கு வந்து நிற்பாராம். வீடு இடித்த தூசிக்கு நடுவே, கல்யாண மாப்பிள்ளை கணக்காக! மகள்களை நூலகம், அருங்காட்சியகம் என்று கூட்டிப்போயிருக்கிறார். 1981-இல் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம். நகரசபைக்கும் மேயர் பதவிக்கும் தேர்தலில் நின்று தோற்றிருக்கிறார். அரசு ஏலத்தில் 50 டாலருக்கு எடுத்த வீட்டைக் கடைசிவரை விடவில்லை. இதையெல்லாம் 'காணாமல் போன வருஷங்கள்' என்று எப்படிச் சொல்வது? அவர் டெட்ராய்டில்தானே இருந்தார்.

படம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டது. 1979-இலும் 1981-இலும் ராட்ரிகஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பாடியிருக்கிறார். அங்கே அவருக்குக் கூட்டம் இருந்தது, கச்சேரிப் பதிவு ஆல்பமாகவே வந்தது. அதைச் சொன்னால் 'யாருமே கேட்கவில்லை' என்ற திரைக்கதை ஆட்டம் காணும், அதனால் கத்தரித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆவணப்படத்தில் இது சின்னத் தப்பில்லை.

அதே படத்தில் மறக்கவே முடியாத காட்சி ஒன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் வானொலி நிலையத்துத் தணிக்கைக்காரர்கள், போதை விற்பவனைப் பற்றிய 'சுகர் மேன்' பாட்டை யாரும் ஒலிபரப்பிவிடக் கூடாது என்று இசைத்தட்டில் அந்தப் பாட்டு ஓடும் இடத்தை மட்டும் கூர்மையான எதையோ வைத்துக் கீறிவைத்திருக்கிறார்கள். ஊசியை வைத்தால் துள்ளும். காப்பகத்தில் அந்தத் தட்டை எடுத்துக் காட்டுகிறார்கள், வெளிச்சத்தில் கீறல் பளிச்சென்று தெரிகிறது. ஒரு பாட்டுக்குப் பயந்து உட்கார்ந்து கீறியிருக்கிறான் பாருங்கள்.

அந்த நாட்டில் ராட்ரிகஸ் மேடையிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தார், தீ வைத்துக்கொண்டார் என்றெல்லாம் வதந்தி. 1998-இல் கேப் டவுன் மேடையில் உயிரோடு வந்து நின்றபோது ஜனங்கள் கத்திய கத்தலில் பாட்டையே உடனே தொடங்க முடியவில்லை.

அத்தனை வருஷ விற்பனையில் பாடகருக்குச் சேரவேண்டிய பங்கு, அதாவது ராயல்டி, எங்கே போனது? படத்தில் பழைய கம்பெனி முதலாளியிடம் கேட்கும்போது அவர் சூடாகிறார், பதில் மட்டும் வரவில்லை. படம் அதற்கு மேல் தோண்டவும் இல்லை. என்னைக் கேட்டால் 'செத்தவர் உயிரோடு வந்தார்' அதிசயத்தைவிட இதுதான் பெரிய கதை. கச்சேரிகளில் வந்த பணத்தையும் ராட்ரிகஸ் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டாராம். அது அவர் பெருந்தன்மை, சரி. அதைக் காட்டிக் கம்பெனிக் கணக்கை மறந்துவிடுவது நம்முடைய சோம்பேறித்தனம்.

2023 ஆகஸ்ட் 8 அன்று இறந்தார், 81 வயது. 2013-இல் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த விழாவுக்கு அவர் போகவில்லை, இயக்குநருக்குச் சேரவேண்டிய வெளிச்சத்தில் குறுக்கே நிற்க வேண்டாம் என்று. அறிவிப்பு வந்தபோது மனுஷன் தூங்கிக்கொண்டிருந்தாராம். மகள்தான் போன் செய்து சொல்லியிருக்கிறார்.