நட்சத்திரம் வேண்டாம், கறுப்பு முத்திரை போடுங்கள்

குழந்தைகளின் உடல் பருமனைத் தடுக்க நொறுக்குத்தீனி பாக்கெட்டின் முன்பக்கமே எச்சரிக்கை போட வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்வது சரிதான். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெரு மளிகைக் கடை வாசலில் அஞ்சு ரூபாய் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும், என் மகள் (மூன்றாம் வகுப்பு) கை எட்டும் உயரத்தில்தான். நேற்று அவள் தின்று போட்ட ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். உப்பு, கொழுப்பு கணக்கெல்லாம் பின்பக்கம் ஒட்டுமடிப்புக்குள் பொடி எழுத்தில், போனில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. அதிலும் அந்தச் சதவீதக் கணக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரி, 5 கிராம் உப்பு என்று பெரியவர்களுக்குப் போட்டது, எட்டு வயசுப் பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்?

சிலி நாட்டில் 2016லேயே சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகமென்றால் கறுப்பு எண்கோண முத்திரை, அது விழுந்த பாக்கெட்டில் கார்ட்டூன் படம் கூடாது, பள்ளியில் விற்கவும் கூடாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022 விதி வரைவில் சொன்னதோ, சத்துக்கு மதிப்பெண் போட்டு முன்பக்கம் நட்சத்திரம்! கொஞ்சம் பருப்பு, நார்ச்சத்து சேர்த்தால் மதிப்பெண் ஏறிவிடும், அப்புறம் சர்க்கரை அதிகமுள்ள பிஸ்கட்டும் இரண்டு நட்சத்திரத்தோடு நிற்கும். நட்சத்திரம் என்றால் பிள்ளைகளுக்கு டீச்சர் நோட்டில் போடும் பாராட்டுதானே.

'அப்போ எங்கள் சேலத்துத் தெருக்கடைத் தீனியான தட்டுவடை செட்டுக்கும் முத்திரை குத்துவீர்களா' என்று கட்டுரைக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். குத்த முடியாதுதான். ஆனால் அதைக் கண்ணெதிரே பீட்ரூட், கேரட் துருவிப் போட்டுக் கொடுக்கிறார்கள், என்ன தின்கிறோம் என்று தெரிகிறதே ஐயா.