எடுத்த பூங்காவுக்கு ஈடு எங்கே, எப்போது?

நகராட்சிக்கு இடம் தேவைப்பட்டால் முதலில் கண்ணில் படுவது பூங்காதான். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம், தீயணைப்பு நிலையம், குப்பை லாரி நிறுத்துமிடம் என்று எதற்கானாலும் சரி. நிலம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது, காலி செய்யச் சொல்ல அங்கே யாரும் குடியிருக்கவும் இல்லை. அமெரிக்காவில் இதற்குக் கடிவாளம் போட்டு வைத்திருக்கிறார்கள்: எடுத்தால் ஈடாக வேறு பூங்கா கொடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஈட்டை விலையால் அளக்கும் அளவுக்குத் தூரத்தாலும் காலத்தாலும் அளப்பதில்லை. என் சண்டை அதோடுதான்.

அடிப்படை, பூங்காக்களுக்கு மத்திய அரசுப் பணம் தரும் நில-நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின் 6(எஃப்)(3) பிரிவு. 1965 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த நிதியில் வாங்கிய அல்லது மேம்படுத்திய பூங்காவை வெளிப்புறப் பொழுதுபோக்கு அல்லாத வேலைக்கு மாற்ற, மத்திய உள்துறையின் அனுமதி வேண்டும். (அங்கே உள்துறை என்பது போலீஸ் அல்ல, நிலமும் காடும். தேசியப் பூங்காச் சேவைதான் கோப்பைப் பார்க்கும்.) நிதி வந்தது டென்னிஸ் மைதானத்துக்கு மட்டும் என்றாலும், பொதுவாகப் பூங்கா முழுவதையும் எல்லை வரைபடத்துக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். அந்தக் கட்டு காலாவதியாகாது. பல நகராட்சிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய கோப்பை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள்.

வேறு வழிகள் எல்லாவற்றையும் பரிசீலித்தோம் என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு இரண்டு நிலங்களுக்கும் சந்தை மதிப்பீடு. ஈட்டு நிலம் குறைந்தது சம மதிப்புள்ளதாக, பயனிலும் இடத்திலும் ஓரளவு நிகரானதாக இருக்க வேண்டும். அதில் நிற்கும் கட்டடம் பொழுதுபோக்குக்கு உதவாது என்றால் அதன் விலையைச் சேர்க்கக் கூடாது. நகராட்சி ஏற்கெனவே பூங்காவாகப் பராமரிக்கும் இடத்தை ஈடு என்று காட்டினால் செல்லாது. பாதியை எடுத்த பிறகு மீதி உருப்படியான பூங்காவாக நிற்கவில்லை என்றால் அந்த மீதிக்கும் ஈடு தர வேண்டும். கட்டுமானப் பொருள் குவிக்கத் 'தற்காலிகமாக' எடுத்த இடம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதுவும் மாற்றம்தான்.

ஓட்டை எங்கே? ஈட்டு நிலம் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஊருக்குள் இரண்டு ஏக்கரின் விலைக்கு ஊர்க்கோடியில் பத்து ஏக்கர் கிடைக்கும். கணக்கில் லாபம், ஆனால் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து அங்கே யார் நடப்பது? இன்னொன்று, உடனே நிலம் கிடைக்கவில்லை என்றால் அனுமதிக்குப் பிறகு வழக்கமாக ஓராண்டு அவகாசம் தருகிறார்கள். மலிவாகக் கிடைப்பதோ பழைய ஆலை நிலமாக இருக்கும். மண்ணைச் சோதித்து, நச்சை அகற்றி, மேல்மண் போட்டு முடிப்பதற்குள் ஓராண்டா ஆகும்?

நியூயார்க் மாநிலம் இன்னும் கறாரானது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் வான் கோர்ட்லண்ட் பூங்காவின் கோல்ஃப் மைதானத்துக்கு அடியில், குரோட்டன் நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் குடிநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டக் கிளம்பியது நகரம். நிலத்தடியில்தானே கட்டுகிறோம், மேலே திரும்பப் புல் வைத்துவிடுவோமே என்று வாதாடியது. 2001-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் மக்களை வெளியே நிறுத்துவதே கணிசமான பறிப்பு, சட்டமன்றம் ஒப்பாமல் முடியாது என்றது. 2003-ல் சட்டமன்றம் ஒப்பியது. பேரமாக பிராங்க்ஸ் பூங்காக்களுக்கு 20 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. பெரும்பகுதி, இருக்கிற பூங்காக்களைப் புதுப்பிக்க. நிலையம் ஓடத் தொடங்கியது 2015-ல்.

அதே பிராங்க்ஸில் உள்ள பேஸ்பால் மைதானமான யாங்கி ஸ்டேடியம் நகராட்சிப் பயன்பாடு அல்ல, ஆனாலும் கால இடைவெளிக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. மெக்கோம்ப்ஸ் டேம் பூங்காவில் 2006-ல் வேலை தொடங்கியது, 2009-ல் புது ஸ்டேடியம் திறந்தது. பழைய ஸ்டேடியத்தை இடித்த இடத்தில் ஈடாக வந்த ஹெரிட்டேஜ் ஃபீல்டு திறந்தது 2012-ல். பூங்காவை மூடியபோது பத்து வயதாக இருந்த பையனுக்கு அப்போது பதினாறு. ஈட்டின் இன்னொரு துண்டு மேஜர் டீகன் விரைவுச்சாலையைத் தாண்டி ஆற்றங்கரையில்.

கலிஃபோர்னியாவின் 1971 சட்டத்தில் ஒரு சலுகை உண்டு: எடுப்பது பூங்காவில் பத்து சதவீதத்துக்கும் குறைவு, ஓர் ஏக்கருக்கு மிகாது என்றால், புது நிலம் தராமல் மீதிப் பூங்காவை மேம்படுத்தினாலே போதும். இப்படியே பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மூலையைக் கிள்ளிக்கொண்டே போனால்? மாசசூசெட்ஸ் 2022-ல் கொண்டுவந்த சட்டம் பரப்பளவையும் கணக்கில் எடுக்கிறது, பணமாகத் தர வேண்டிய நிலை வந்தால் சந்தை மதிப்பில் 110 சதவீதம் கேட்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அங்கே ஆட்சேபம் எழுதுகிறவர்கள் மரங்களைப் பற்றி எழுதுவதற்கு முன் மாநில அலுவலகத்தில் எல்லை வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்து, ஈட்டு நிலத்தின் மண் சோதனை அறிக்கை. மூன்றாவது, பழைய பூங்காவின் வாசலிலிருந்து புதியதற்கு நடைதூரம் எத்தனை நிமிடம், நடுவில் எத்தனை பெரிய சாலை என்ற கணக்கு. முதல் வேலி போடும் முன் புதுப் பூங்கா திறந்திருக்க வேண்டும் என்பதை ஒப்புதலின் நிபந்தனையாகவே எழுதச் சொல்லுங்கள். நம்மூரில் மனைப்பிரிவுப் பூங்கா இடத்தில் மேல்நிலைத் தொட்டி எழும்பும்போதும் மண்ணையும் நடைதூரத்தையும் இதே மாதிரி கேட்கலாம். அங்கே கேட்கும் எல்லை வரைபடத்துக்குப் பதில் இங்கே மனைப்பிரிவு ஒப்புதல் வரைபடம், அவ்வளவுதான் வித்தியாசம்.